கருங்கல் சுவர் போல ஒரு வலைப்பக்கம்: அழகு சரி... வரிசை?

செங்கல் சுவரில் எல்லாக் கல்லும் ஒரே அளவு. பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் கருங்கல் சுவர்கள் அப்படியில்லை. ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று கோணல். கொத்தனார் ஒவ்வொரு கல்லாகக் கையில் எடுத்துப் பார்த்து, எங்கே பள்ளமாக இருக்கிறதோ அங்கே பொருத்துவார். பெரிய இடைவெளி விழாது, சுவரும் மட்டமாக எழும்பும்.

இதே வேலையைத்தான் இப்போது செல்போன் திரையில் 'மேசன்ரி கிரிட்' செய்கிறது. பெயரே கொத்து வேலையிலிருந்து வந்ததுதான். 2009-ல் டேவிட் டிசாண்ட்ரோ என்ற டெவலப்பர் 'மேசன்ரி' என்ற நிரலை வெளியிட்டார். அடுத்த ஆண்டு வந்த பின்ட்ரெஸ்ட், உயரமும் குட்டையுமாகப் படங்களை அடுக்கும் இந்தத் தோற்றத்தை உலகம் முழுக்கப் பழக்கிவிட்டது. இதன் அடிப்படை விதி ஒன்றுதான்: அடுத்த பெட்டியை, இருப்பதிலேயே குட்டையாக நிற்கும் வரிசையின் கீழே வை.

சமையல், கோலம், கோயில், ஊர்ச் செய்தி என்று வீட்டிலிருந்தே பிளாக் நடத்துபவர்கள் பலர். பதிவுகள் நூறைத் தாண்டியதும் அவற்றைத் தலைப்புவாரியாகப் பிரித்து, முகப்பில் பெட்டி பெட்டியாகக் காட்ட வேண்டியிருக்கிறது. பல டெம்ப்ளேட்டுகள் அதற்கு மேசன்ரியைத் தருகின்றன. வைக்கலாமா?

தமிழுக்கு இது பொருந்த ஒரு நல்ல காரணம் உண்டு. 2021-ல் 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. அந்தப் பத்து ஊர்களின் செய்திகளை ஊர்வாரியாகப் பிரிக்கும் ஒரு பிளாக் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பம்மலுக்கு 4 எழுத்து, பீர்க்கன்காரணைக்கு 8 எழுத்து. எல்லாப் பெட்டியும் ஒரே அளவு என்றால் நீளமான பெயர் 'பீர்க்கன்...' என்று பாதியில் வெட்டுப்படலாம். மேசன்ரியில் பெயர் இரண்டு வரியானாலும் பெட்டி அதற்கேற்ப உயர்ந்துகொள்ளும். படமும் சிறு குறிப்பும் சேர்ந்தால் இந்த வசதி இன்னும் பெரிதாகத் தெரியும்.

சிக்கல் வரிசையில்தான் வருகிறது.

அகர வரிசைப்படி அனகாபுத்தூர் முதலில், சிட்லபாக்கம் இரண்டாவது, செம்பாக்கம் மூன்றாவது, தாம்பரம் நான்காவது. திரையில் இரண்டு நெடுவரிசைகள். அனகாபுத்தூருக்கு உயரமான படம். அது இடப்பக்கம் உட்கார்கிறது. சிட்லபாக்கம் வலப்பக்கம். அங்கே உயரம் குறைவு என்பதால் செம்பாக்கமும் அதன் கீழேயே போகிறது. இன்னும் பள்ளம் இருந்தால் தாம்பரமும் அதே பக்கம்தான். அனகாபுத்தூருக்குக் கீழே திருநீர்மலை வந்து நிற்கும். இடமிருந்து வலமாகத் தேடுகிறவர் கண்ணுக்கு இது அகர வரிசையாகவே தெரியாது. மேலும் கீழுமாக ஸ்க்ரோல் செய்து தேட வேண்டியதுதான்.

நெடுவரிசையாகப் பிரித்துவிடும் எளிய முறையிலும் இதே கதைதான். முதல் ஐந்து ஊர்கள் இடப்பக்கம், அடுத்த ஐந்து வலப்பக்கம் என்று போனால், அனகாபுத்தூருக்குப் பக்கத்தில் பம்மல் நிற்கும்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு இது வெறும் எரிச்சலோடு முடிவதில்லை. டாக்பேக், வாய்ஸ்ஓவர் போன்ற திரைவாசிப்பான்கள் பெரும்பாலும் கோடில் எழுதியிருக்கும் வரிசைப்படி வாசிக்கும். பாதிப் பார்வையோடு திரையைப் பார்த்துக்கொண்டே கேட்பவருக்கு, கண் ஒரு பக்கம் போகக் குரல் இன்னொரு பக்கம் தாவும். வாசிக்கும் வரிசை பொருள் தரும்படி இருக்க வேண்டும் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட இணைய அணுகல் விதிகளில் ஒன்று. மின்னணு ஊடகத்தில் வருபவை மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டும் வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சொல்கிறது.

அடுத்தது அளவு. உயரமான பெட்டி முக்கியமானது என்று கண் தானாக நினைத்துக்கொள்ளும். படம் கொஞ்சம் நீளம் என்பதற்காக மட்டுமே ஓர் ஊர் பெரிதாகவும், 50 பதிவுகள் உள்ள இன்னோர் ஊர் சிறிதாகவும் தெரிந்தால் வாசகர் ஏமாந்துபோவார்.

பொருட்களைப் பிரித்து அடுக்குவது பற்றி நம்மூர்க்காரர் ஒருவர் உலகத்துக்கே பாடம் எடுத்திருக்கிறார். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931-ல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. 1933-ல் வெளியான அவரது கோலன் பகுப்பு முறைக்கும் நோக்கம் இதுதான்: தேடி வந்தவர் தன் புத்தகத்தைச் சீக்கிரம் எடுக்க வேண்டும். அலமாரி எவ்வளவு அழகு என்பது அதற்குப் பிறகுதான்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் முடிவெடுப்பது சுலபம். கோலப் படங்கள், சமையல் படங்கள் என்று சும்மா பார்த்துக்கொண்டே போகிற பக்கத்துக்கு மேசன்ரி அருமை. அங்கே எது முதலில் வந்தாலும் நஷ்டமில்லை. பெயரைத் தேடி வருகிற தலைப்புப் பக்கத்துக்கு, ஒன்றன்கீழ் ஒன்றாக வரும் சாதாரணப் பட்டியலே மேல். மேசன்ரிதான் வேண்டும் என்றால் மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும்.

1. கோடில் தலைப்புகளை அகர வரிசையிலோ, வேறு தெளிவான வரிசையிலோ எழுதுங்கள். படங்களின் உயரம் ரொம்பவும் மாறாமல் பார்த்துக்கொண்டால் திரையிலும் வரிசை அதிகம் குலையாது.

2. படத்தின் அகல உயரத்தை முன்கூட்டியே குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் மின்சார ரயிலில் சிக்னல் விட்டுவிட்டு வரும்போது, படம் தாமதமாக வந்து பெட்டிகள் இடம் மாறும். பல்லாவரத்தைத் தொடப்போன விரல் பம்மலைத் தொட்டுவிடும்.

3. டாக்பேக்கைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை உங்கள் பக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

பிரவுசர்களும் இதைச் சரிசெய்ய முயல்கின்றன. மேசன்ரி வசதியை பிரவுசருக்குள்ளேயே கொடுக்கலாம் என்று 2020-ல் மொசில்லா முன்வைத்த யோசனை, நீண்ட விவாதத்துக்குப் பின் 'கிரிட் லேன்ஸ்' என்ற பெயரில் உருவெடுத்திருக்கிறது. நெடுவரிசைகளுக்கிடையே சிறு உயர வித்தியாசம் இருந்தால் அதைப் பொருட்படுத்தாமல் வரிசைப்படியே போ என்று சொல்லிவைக்கவும் அதில் வழி உண்டு. ஆனால் எவ்வளவு வித்தியாசத்தைப் பொறுப்பது என்று சொல்ல வேண்டியது பக்கத்தை அமைப்பவர்தான்.

சுவரில் எந்தக் கல் எங்கே இருக்கிறது என்று யாரும் தேடுவதில்லை. முகப்புப் பக்கத்தில் ஒவ்வொருவரும் தேடுவது தங்கள் ஊரைத்தான்.