நீர்மூழ்கிக் கப்பலுக்கு போன் போட முடியுமா?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி மெயில் அனுப்பியிருந்தார். "எங்க அக்கா பையன் நேவியில இருக்கான் தம்பி. கப்பல் கரைக்கு வந்தா போன் பண்ணுவான், நடுக்கடல்ல இருந்தாலும் எப்பவாவது மெசேஜ் வரும். ஆனா நீர்மூழ்கிக் கப்பல்ல இருக்கிறவங்க வீட்ல ஒண்ணுன்னா எப்படிச் சொல்லுவாங்க? தண்ணிக்கு அடியில போன் எடுக்குமா?"

எடுக்காது. ஆனால் செய்தி போகும். அந்தச் செய்தி புறப்படும் இடம் அந்த அம்மாவின் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை என்பதுதான் சுவாரஸ்யம்.

திருநெல்வேலியிலிருந்து நாங்குநேரி பக்கம் போனவர்கள், வெட்டவெளியில் வானத்தைத் தொடுவதுபோல நிற்கும் மெல்லிய கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். செல்போன் டவர் என்று நினைத்துக் கடந்திருக்கலாம். அது விஜயநாராயணத்தில் உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன், இந்தியக் கடற்படையின் தகவல் தொடர்பு நிலையம். 1990 அக்டோபரில் அப்போதைய ஜனாதிபதி ஆர்.வெங்கட்ராமன் அதைத் தொடங்கி வைத்தார். பிற்பாடு எழுப்பிய கோபுரங்களின் உயரம் 470 மீட்டருக்கும் மேல். குதுப்மினாரை ஒன்றின் மேல் ஒன்றாக ஆறு முறை அடுக்கினாலும் அந்த உச்சியைத் தொடாது.

இவ்வளவு உயரம் எதற்கு? இங்கேதான் கொஞ்சம் பள்ளிக்கூட இயற்பியல் வேண்டும். பயப்படாதீர்கள், பரீட்சை இல்லை.

நம் வீட்டு வைஃபை அலையின் நீளம் ஒரு சாணுக்கும் குறைவு, சுமார் 12 சென்டிமீட்டர். காற்றில் நன்றாக ஓடும். கடல் தண்ணீரில் விழுந்தால் சில மில்லிமீட்டருக்குள் செத்துவிடும். காரணம் உப்பு. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். அப்படிக் கடத்தும் எதுவும் ரேடியோ அலையை உள்ளே விடாமல் உறிஞ்சிவிடும். லிஃப்ட் கதவு மூடியதும் போன் சிக்னல் போகிறதே, ஏறக்குறைய அந்தக் கதைதான். ஒரு நீர்மூழ்கியைச் சுற்றி முழுக்க அப்படி ஒரு லிஃப்ட் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அலை எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆழம் போகும். எனவே மிக மிக நீளமான அலையைப் பயன்படுத்துகிறார்கள். விஜயநாராயணம் அனுப்பும் அலைவரிசை சுமார் 18 கிலோஹெர்ட்ஸ். அதில் ஒரே ஓர் அலையின் நீளம் 16 கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவு பெரிய அலையைக் கிளப்ப, அதற்கேற்ற பிரமாண்டமான ஆன்டெனா வேண்டும். அதனால்தான் அத்தனை உயரம், அத்தனை ஏக்கர். பூமிக்கும் வானின் மேலடுக்குக்கும் நடுவே இந்த அலைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்.

ஓடிப்போய்க் கடலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும்? சுமார் 10 முதல் 20 மீட்டர். அவ்வளவுதான். எனக்கும் இது முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. நீர்மூழ்கி அதைவிட ஆழத்தில் இருக்கும்போது, நீளமான ஒரு கேபிளைத் தனக்குப் பின்னால் மிதக்கவிட்டு இழுத்துக்கொண்டே போகும். கேபிள் மேல்மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும், கப்பல் கீழே இருக்கும்.

வேகத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். நொடிக்குச் சில நூறு பிட், அதுவும் நல்ல நாளில். காலையில் குடும்ப குரூப்பில் வந்து விழும் ரோஜாப்பூ 'குட் மார்னிங்' படம் ஒன்றை இந்த வழியில் அனுப்பினால், போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். எழுத்து மட்டும்தான், அதுவும் சுருக்கமாக.

அமெரிக்கா இன்னும் ஒரு படி மேலே போனது. விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களில் 76 ஹெர்ட்ஸில் இயங்கும் நிலையங்களை 1989 முதல் 2004 வரை நடத்தியது. அது நூறு மீட்டரைத் தாண்டியும் இறங்கும். ஆனால் மூன்றெழுத்துக் குறியீடு ஒன்றை அனுப்பவே கால் மணி நேரம் பிடித்தது. 'மேலே வா, விஷயம் இருக்கிறது' என்று மணியடித்துக் கூப்பிட மட்டுமே அது உதவியது.

இன்னொரு சிக்கல், இது ஒருவழிப் பாதை. கரை பேசலாம், கப்பல் கேட்கலாம். பதில் சொல்ல நீர்மூழ்கிக்கு வழியில்லை. 470 மீட்டர் கோபுரத்தைக் கப்பலில் தூக்கிக்கொண்டு போக முடியாதல்லவா? பதில் சொல்லியே ஆகவேண்டும் என்றால் மேல்மட்டத்துக்கு அருகே வந்து ஒரு மாஸ்ட்டை வெளியே நீட்டி சாட்டிலைட்டைப் பிடிக்க வேண்டும். நீட்டினால் ரேடாரில் மாட்டும் ஆபத்து. நீர்மூழ்கியின் ஒரே கவசம் அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாததுதான். ஆகவே அது வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருக்கும், பேசாது.

டீசல் நீர்மூழ்கிகளுக்கு இது அவ்வளவு பெரிய பிரச்னை இல்லை. பேட்டரி சார்ஜ் செய்ய டீசல் எஞ்சின் ஓட வேண்டும், எஞ்சினுக்குக் காற்று வேண்டும், அதற்காக எப்படியும் மேல்மட்டத்துக்கு வந்து ஒரு குழாயை நீட்டியாக வேண்டும். மும்பையில் கட்டிய கல்வரி வகை நீர்மூழ்கிகள் ஆறும் இந்த ரகம். முதலாவது 2017 டிசம்பரில் சேர்ந்தது, ஆறாவதான வாக்‌ஷீர் 2025 ஜனவரியில்.

அணுசக்தியில் ஓடுபவை வேறு ரகம். ஐ.என்.எஸ். அரிஹந்த் 2016-ல் சத்தமில்லாமல் கடற்படையில் சேர்ந்தது. 2018 நவம்பரில் அதன் முதல் ரோந்து முடிந்த செய்தியைப் பிரதமரே அறிவித்தார். 2024 ஆகஸ்டில் அரிகாத் சேர்ந்தது. இவை மூச்சு வாங்க மேலே வரவேண்டியதில்லை. சாப்பாடு தீரும்வரை கீழேயே இருக்கலாம். இவற்றில் இருப்பவை அணு ஏவுகணைகள். முதலில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்த மாட்டோம் என்பது இந்தியாவின் கொள்கை. பதிலடிக்கான உத்தரவைத் தரும் அதிகாரம் பிரதமர் தலைமையிலான அரசியல் குழுவுக்கு மட்டுமே. அந்த உத்தரவோ, 'வேண்டாம்' என்ற உத்தரவோ ஆழத்தில் இருக்கும் கப்பலுக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால்?

அப்படி ஒரு நாள் நடந்திருக்கிறது. 1962 அக்டோபர் 27, கியூபா நெருக்கடியின் உச்சம். நான்கு சோவியத் நீர்மூழ்கிகள் கியூபாவை நோக்கி வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் அணு டார்பிடோ. அவற்றில் பி-59 என்ற கப்பலை அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சுற்றி வளைத்து, 'மேலே வா' என்று எச்சரிக்கும் சிறு வெடிகளைத் தண்ணீரில் போட்டன. இவை எச்சரிக்கை வெடிகள்தான் என்று அமெரிக்கா மாஸ்கோவுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லியிருந்தது. அந்தத் தகவல் கப்பலுக்குப் போய்ச் சேரவில்லை.

கீழே இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வெடிச்சத்தம் மட்டுமே. பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. உள்ளே தாங்க முடியாத வெக்கை, காற்றில் கரியமில வாயு ஏறிக்கொண்டிருந்தது. மாஸ்கோவுடன் தொடர்பு இல்லை. மேலே போர் தொடங்கிவிட்டது என்றே கேப்டன் சாவிட்ஸ்கி நினைத்தார், அணு டார்பிடோவைத் தயார் செய்யச் சொன்னார் என்று அந்தக் கப்பலில் இருந்த ஓர்லோவ் என்ற அதிகாரி பல வருடங்கள் கழித்துச் சொன்னார். அவரைச் சமாதானப்படுத்தி நிறுத்தியவர் வாசிலி அர்கிபோவ். அந்தக் கப்பற்பிரிவின் தலைமை அலுவலர், கேப்டனுக்குச் சமமான பதவி. தற்செயலாக அந்த நான்கில் இந்தக் கப்பலில் ஏறியிருந்தார். பி-59 மேலே வந்தது. உலகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் கப்பலின் உட்புறம் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ரஷ்யா போக வேண்டாம், விசாகப்பட்டினம் போதும். ஆர்.கே. கடற்கரையில் மியூசியமாக நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுரா அதே ஃபாக்ஸ்ட்ராட் வகை. 1967-ல் நமக்கு வந்த முதல் கல்வரியும் அதே வகைதான். சுமார் 90 மீட்டர் நீளக் குழாய். ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு வட்டமான துளை வழியே குனிந்து நுழைய வேண்டும். அந்த இடத்தில் எழுபது, எண்பது பேர், ஏசி இல்லாமல், கியூபா வெயில் கடலில். விசாகை டூர் போகிறவர்கள் போட்டோ எடுத்த பிறகு ஒரு நிமிடம் உள்ளே சும்மா நின்று பாருங்கள்.

விசாகப்பட்டினம் என்றதும் 'காஸி' படம் ஞாபகம் வரும். நல்ல படம். ஆனால் அதில் வரும் இந்திய நீர்மூழ்கிச் சண்டையை வரலாறாக நினைத்துவிட வேண்டாம். நிஜத்தில் காஸிக்கு விரித்த வலை, தந்தி வலை.

1971 நவம்பரில் காஸி கராச்சியிலிருந்து கிளம்பியது நமது விமானம் தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடி. அப்போது கிழக்குக் கடற்படைப் பிரிவின் தலைவர் வைஸ் அட்மிரல் என்.கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர். விக்ராந்தை அந்தமானில் ஒளித்துவைத்தார். ராஜ்புத் என்ற பழைய போர்க்கப்பலை விசாகப்பட்டினத்துக்கு வெளியே அனுப்பி, 'நான்தான் விக்ராந்த்' என்பதுபோல ஓயாமல் வயர்லெஸ் பேசச் சொன்னார். ஒரு பெரிய கப்பற்படைக்கே போதுமான இறைச்சியும் காய்கறியும் விசாகையில் ஆர்டர் போனது, ஒற்றர்கள் காதில் விழட்டும் என்று.

இதெல்லாம் ராணுவத் தந்திரம். என்னை நிறுத்தியது வேறு ஒன்று. விக்ராந்தில் இருக்கும் மாலுமி ஒருவர் அனுப்பியதாக, ரகசியக் குறியீடு எதுவும் இல்லாமல் ஒரு சொந்தத் தந்தி கிளம்பியது. உடல்நிலை மோசமாக இருக்கும் தன் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்கும் தந்தி. அப்படி ஒரு மாலுமி இல்லை, அப்படி ஓர் அம்மாவும் இல்லை. ஒட்டுக்கேட்பவர்கள் எதைச் சந்தேகப்பட்டாலும் இதைச் சந்தேகப்பட மாட்டார்கள் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். விதியை மீறி ஒரு மாலுமி தந்தி கொடுப்பான் என்றால் அது அம்மாவுக்காகத்தான் இருக்கும்.

டிசம்பர் 3-ம் தேதி நள்ளிரவையொட்டி விசாகைக்கு வெளியே காஸி வெடித்து மூழ்கியது. உள்ளே இருந்த தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடத் தப்பவில்லை. ராஜ்புத் போட்ட வெடிகள்தான் காரணம் என்பது இந்தியத் தரப்பு, உள்ளே நடந்த விபத்து என்பது பாகிஸ்தான் தரப்பு. அவர்களுக்கும் அம்மாக்கள் இருந்திருப்பார்கள். கப்பல் எங்கே என்று அந்த வீடுகளுக்குத் தகவல் போக நாள்களானது.

சரி, வாசகியின் உண்மையான கேள்விக்கு வருவோம். வீட்டில் ஒன்று என்றால்?

இதற்கு ஒரு முறையையே வைத்திருப்பது பிரிட்டிஷ் கடற்படை. 1969 முதல் அவர்களுடைய அணு ஏவுகணை நீர்மூழ்கிகளில் ஒன்று எப்போதும் கடலுக்கு அடியில் இருந்துகொண்டே இருக்கிறது. ஒரு ரோந்து மாதக்கணக்கில் நீளும், சமீப ஆண்டுகளில் ஐந்து மாதத்தைத் தாண்டியும் போயிருக்கிறது. வீட்டிலிருந்து வாரத்துக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். பெயர் 'ஃபேமிலிகிராம்'. முன்பு 40 வார்த்தைகள், பிற்பாடு 120 ஆக்கினார்கள். பாப்பா நடக்க ஆரம்பித்துவிட்டாள், பைப் ஒழுகல் சரியாகிவிட்டது, எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பதில் வராது. மாதக்கணக்கில் வராது.

அந்த 40 வார்த்தைகளையும் அனுப்புவதற்கு முன் கரையில் ஒருவர் படிப்பார். ரகசியம் கசிகிறதா என்று பார்க்க மட்டுமல்ல, கெட்ட செய்தி இருக்கிறதா என்று பார்க்கவும். இருந்தால் அது அந்த மாலுமியின் கைக்குப் போகாது. கப்பல் திரும்பாது, அவரை இறக்கிவிடவும் வழியில்லை, தெரிந்து என்ன செய்வார் என்பது வாதம். கிளம்பும்போதே மாலுமிகளிடம் கேட்டு எழுதி வாங்குவதும் உண்டு. வீட்டில் யாராவது இறந்தால் அப்போதே சொல்லவா, திரும்பிய பிறகு சொல்லவா? கிளம்பும் அவசரத்தில் அந்தப் படிவத்தை நிரப்புவதை யோசித்துப் பாருங்கள். அப்பா வாசலில் நின்று டாட்டா காட்டிய அன்றைக்கு.

திரும்பிய பிறகு என்று எழுதிக் கொடுத்தவருக்குச் செய்தி வந்துவிட்டால், அது கேப்டனிடமும் அவருக்கு மிக வேண்டிய ஓரிருவரிடமும் இருக்கும். அவர் வழக்கம்போல வேலை பார்ப்பார், சீட்டு விளையாடுவார், வீட்டுக்கு என்ன வாங்கிப் போவது என்று பேசுவார். விஷயம் தெரிந்தவர்கள் அதே சிறிய மெஸ்ஸில் எதிரே உட்கார்ந்து அவரோடு சாப்பிட வேண்டும், சில சமயம் இரண்டு மூன்று மாதம். துறைமுகத்தை நெருங்கும்போதுதான் கேப்டன் அவரைத் தனியாகக் கூப்பிடுவார்.