படுக்கைப் பக்கத்திலேயே ஒரு பதவி உயர்வு

தூத்துக்குடியில் ஒரு செவிலியர் முன்னேறிவிட்டார் என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்கும். மஸ்கட்டுக்கோ லண்டனுக்கோ விமானம் ஏறியிருப்பார். இல்லையென்றால் கண்காணிப்பாளர் நாற்காலிக்கு வந்து, ஓய்வு பெறும் தேதியை எண்ணிக்கொண்டிருப்பார். வார்டை விட்டுப் போகாமல், ஒரு துறையில் கை தேர்ந்து, அந்தத் தேர்ச்சிக்காகவே சம்பளமும் மரியாதையும் கூடியவர் ஒருவரைக் காட்டுங்கள் என்றால் யோசிக்க வேண்டியிருக்கிறது. நம் தொழிலின் பெரிய குறை இதுதான் என்பது இந்த இதழின் கருத்து. ஊதியக் குறைவைவிடவும் இதைப் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊதியம் போராடினால் கூடும், கூடியும் இருக்கிறது. தேர்ச்சிக்கு மதிப்பில்லை என்ற நிலைமைக்கு எதிராக நாம் இதுவரை ஒரு கோஷம்கூடப் போட்டதில்லை.

அரசுப் பணியின் ஏணியை எல்லோரும் அறிவோம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012-இல் வந்தது. 2015-இல் அது நடத்திய தேர்வின் வழியே ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்கள் தொகுப்பூதியத்தில் வேலைக்கு வந்தார்கள். மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் காலமுறை ஊதியம் என்ற பேச்சு. இரண்டு வருடம் கடந்தும் ஒன்றும் நடக்காததால் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்தவர்களை மறந்திருக்க மாட்டோம். பிறகு 14,000, அதற்குப் பிறகு 18,000 என்று தொகை உயர்ந்தது. பணி நிரந்தரம் தவணை தவணையாக வருகிறது. நிரந்தரமானவருக்கும் அடுத்த படி பணிமூப்பில்தான். சிறப்புப் பயிற்சி பெற்றவரும் பெறாதவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியர் பகுதி சுகாதாரச் செவிலியராகி, பிறகு சமுதாய சுகாதாரச் செவிலியராகும் பாதையும் இப்படித்தான். வயது ஏறினால் படி ஏறலாம். படி ஏற ஏற நோயாளியிடமிருந்து விலகி, பதிவேட்டுக்கும் கூட்டத்துக்கும் பக்கத்தில் போய்விடுவோம்.

தனியார் மருத்துவமனைகளில் ஏணியே கிடையாது. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் உத்தரவிட்டதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 200 படுக்கைக்கு மேல் உள்ள இடங்களில் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம், 50 படுக்கைக்குக் குறைவான இடத்திலும் 20,000 ரூபாய்க்குக் குறையாத ஊதியம் என்று பரிந்துரைத்தது. அது இன்றுவரை பரிந்துரையாகவே இருக்கிறது. அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டிவைத்துக்கொண்டு, 'ரெண்டு வருஷம் முடிச்சிட்டு வாம்மா' என்று சொல்கிற வழக்கமும் இன்னும் போகவில்லை.

ஆகவே வெளிநாடு போகிறவர்களை நாம் குறை சொல்லப் போவதில்லை. நாசரேத்தில் 1870-களிலேயே மிஷன் மருத்துவப் பணி வேர்விட்ட மாவட்டம் இது. வெள்ளைச் சீருடை போட்டு ஊர் தாண்டிப் போவது இங்கே பாட்டி காலத்துக் கதை. போகிறவர்கள் ஒழுங்காகப் போக வேண்டும், அவ்வளவுதான். வளைகுடா உள்ளிட்ட குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செவிலியர்கள் அங்கீகரிக்கப்பட்ட அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போகலாம் என்று 2015-இல் விதி வந்தது. தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. 'விசா கையில் இருக்கு, காசு மட்டும் கட்டுங்க' என்று வாட்ஸ்அப்பில் பேசும் தரகருக்கு நகையை அடகு வைத்துக் கொடுப்பதற்கு முன், அந்த அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்கலாம். ஜெர்மனி என்றால் பி2 வரை மொழி வேண்டும். அதை மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறோம் என்று சொல்லும் விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

இங்கேயே இருப்பவர்கள் எதில் தேர்ச்சி பெறுவது என்று கேட்டால், இந்தக் கடற்கரையைப் பார்த்தாலே விடை கிடைக்கும்.

மன்னார் வளைகுடாவில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். சங்கு குளிப்பது நிற்கவில்லை. அன்று கல்லைக் கட்டி, மூச்சைப் பிடித்து இறங்கினார்கள். காது கிழியும், சுறா பயமுண்டு, மூச்சு முட்டிப் போனவர்களும் உண்டு. இன்று படகில் கம்ப்ரசர் இருக்கிறது. அதிலிருந்து குழாய் வழியே காற்று வருகிறது, மணிக்கணக்கில் அடியில் இருக்கலாம். கருவி மாறியதும் நோயும் மாறியது. மூச்சடக்கி இறங்கியவரின் உடம்பில் அவர் மேலேயிருந்து கொண்டுபோன ஒரு மூச்சுக் காற்றுதான் இருந்தது. குழாயில் சுவாசிப்பவரின் ரத்தத்திலும் திசுக்களிலும் நைட்ரஜன் ஏறிக்கொண்டே போகிறது. சட்டென்று மேலே வந்தால் அது குமிழ் குமிழாகப் பிரிகிறது. சோடா பாட்டிலைத் திறந்தால் நடப்பதேதான்.

அப்படி ஒருவர் இரவு எட்டு மணிக்குக் கேஷுவாலிட்டிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தோள்பட்டையில் தாங்க முடியாத வலி, முழங்கையிலும் வலி, வயிற்றுத் தோலில் பளிங்குபோல் திட்டுத் திட்டாகச் சிவப்பு. காலையில் சுமை தூக்கினேன் என்று அவரே சொல்லக்கூடும். ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, நாளைக்கு எலும்பு ஓ.பி.க்கு வாங்க என்று அனுப்பிவிடுவது எளிது. அறிந்த சிஸ்டர் அங்கே இருந்தால் முதலில் கேட்கும் கேள்வி வேறு: 'எத்தனை பாகம் இறங்கினீங்க அண்ணே? அடியில எவ்வளவு நேரம்? இன்னைக்கு எத்தனை தடவை?' பத்து பாகம் என்றால் ஏறத்தாழ 18 மீட்டர். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்பது பிளஸ் டூ பாடம். அதை நோயாளியின் தோள்வலியோடு சேர்த்துப் பார்ப்பதுதான் தேர்ச்சி. கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் போக முடிகிறதா, தலை சுற்றுகிறதா என்று அடுத்து கேட்பார். ஆம் என்றால் தண்டுவடம் பாதிக்கப்பட்டிருக்கலாம், ஒரு நிமிடத்தையும் வீணாக்கக் கூடாது.

இங்கே ஒரு தவறு எளிதில் நடக்கும். விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 99 காட்டும். 'சாச்சுரேஷன் நல்லாத்தானே இருக்கு' என்று யாராவது ஆக்சிஜனை எடுத்துவிடுவார்கள். இந்த நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுப்பது மூச்சுத் திணறலுக்காக அல்ல; உடம்பிலிருந்து நைட்ரஜனைக் கழுவி வெளியேற்றுவதற்காக. முகமூடியில் பை வைத்து, முழு ஓட்டத்தில், எண் எவ்வளவு காட்டினாலும் தொடர வேண்டும். படுக்க வைக்க வேண்டும், திரவம் கொடுக்க வேண்டும், அழுத்த அறை இருக்கும் இடத்துக்கு மருத்துவர் பேசி அனுப்ப வேண்டும். போகும் வழியில் உயரமான மலைப்பாதையைத் தவிர்க்கச் சொல்ல வேண்டும். மறுபடி கடலில் இறக்கினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை உலகெங்கும் கம்ப்ரசர் வைத்து மூழ்குபவர்களிடையே உண்டு. அதைத் திட்டித் தீர்க்காமல் உறவினருக்கு எடுத்துச் சொல்லவும் ஆள் வேண்டும். வலி வந்தவுடன் எங்கே வர வேண்டும் என்று சங்குகுளிகள் குடியிருக்கும் திரேஸ்புரத்து வீடுகளுக்குத் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இதில் பெரும்பாலான வேலை மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டியது அல்ல. கேள்வி கேட்பது, சந்தேகப்படுவது, ஆக்சிஜனை விடாமல் பிடித்துக்கொள்வது எல்லாம் செவிலியம். ஆனால் இதைக் கற்றுக்கொண்ட ஒருவரை நாளை சுழற்சி முறையில் கண் வார்டுக்கு மாற்றிவிட்டால், அடுத்து வரும் சங்குகுளிக்கு வெறும் ஊசிதான்.

உப்பளத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். விடியும் முன்னரே பாத்திக்கு இறங்கும் பெண்கள் நம் ஓ.பி.க்கு வருவது கண் எரிச்சலுக்கும் காலில் ஆறாத புண்ணுக்கும்தான். கேட்டால்தான் வெளியே வரும் இன்னொன்று உண்டு: ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வெயில், உப்பு, தண்ணீர்க் குறைவு என்ற மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் என்னாகும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் இதை ஒழுங்காகப் பதிந்து வைத்தால், அதுவே ஒரு ஆய்வுக்கு அடித்தளம்.

துறைமுகத்தின் பக்கம் வேலை கூடிக்கொண்டே போகிறது. 1974-இல் பெருந்துறைமுகமான இடம், இன்று நிலக்கரி, சரக்குப் பெட்டகம், காற்றாலை இறக்கைகள் என்று இரவும் பகலும் இயங்குகிறது. சிப்காட் பகுதியில் மின்சாரக் கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் எழும்புகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் தொழிலகச் செவிலியர் வேண்டும்: காது கேட்கும் திறனைச் சோதிக்க, நுரையீரல் அளவைப் பார்க்க, வெப்ப மயக்கத்தை முன்கூட்டியே கணிக்க, விபத்தில் முதல் பத்து நிமிடத்தைக் கையாள. கப்பல் மாலுமிகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, கப்பல் சுகாதாரச் சோதனை என்று துறைமுக சுகாதாரம் தனி உலகம். நம் கல்லூரிகளில் சமுதாயச் செவிலியப் பாடத்தில் இதற்கு ஒதுக்குவது சில பக்கங்கள். மாணவிகளைத் துறைமுகத்துக்குள் அழைத்துப் போவது ஒருநாள் சுற்றுலா மாதிரி முடிந்துவிடுகிறது.

2023 டிசம்பர் 17 இரவை யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டது. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. அந்த வாரத்தில் எந்தத் தெருவில் யாருக்குப் பிரசவத் தேதி நெருங்குகிறது என்பது கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் இருந்தது. டயாலிசிஸ் நாள் தவறக்கூடாதவர், இன்சுலின் தீரப்போகிறவர் யார் என்பது 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போகிறவர்களுக்குத் தெரியும். படகு வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பட்டியல் தெரியாது. பேரிடர் திட்டக் கூட்டத்தில் செவிலியரை உட்கார வைத்தால் அடுத்த முறை படகும் பட்டியலும் ஒரே கையில் இருக்கும். பேரிடர்ச் செவிலியம் என்பதும் ஒரு சிறப்புத் துறைதான். அதற்கு இந்த மாவட்டத்தைவிடப் பொருத்தமான பயிற்சிக்களம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

படிப்பு வழிகள் இல்லாமல் இல்லை. தீவிர சிகிச்சை, அவசர சிகிச்சை, பச்சிளங்குழந்தை பராமரிப்பு, புற்றுநோய் என்று ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமோக்கள் இருக்கின்றன. தீவிர சிகிச்சையில் நர்ஸ் பிராக்டிஷனர் என்ற இரண்டாண்டு முதுநிலைப் படிப்பை இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்து பல ஆண்டுகள் ஆகின்றன. மகப்பேறுக்குத் தனியே 18 மாதப் பயிற்சி 2018-இன் மத்திய அரசு வழிகாட்டுதலோடு வந்தது. 1947-இன் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு ஆணையச் சட்டமும் நிறைவேறியது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வு எழுதிப் போகிறவர்களும் நம் பகுதியில் கூடி வருகிறார்கள். குறை எங்கே என்றால், படித்துவிட்டு வந்தவருக்கு அந்தப் படிப்பின் பெயரில் ஒரு பணியிடம் இல்லை. பயிற்சிக்கு விடுப்பு கொடுத்து அனுப்பும் அதே அலுவலகம், திரும்பி வந்ததும் எந்த வார்டில் ஆள் குறைகிறதோ அங்கே போடுகிறது. போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்ற விகிதத்தை எட்டாத நிலையில் கண்காணிப்பாளரும் என்ன செய்வார் என்ற பதில் நியாயமானதே. ஆனால் ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில்தான் பயிற்சி பெற்றவரை வீணாக்குவது அதிகம் வலிக்கிறது.

கண்காணிப்பாளர்களிடமும் டீன் அலுவலகங்களிடமும் ஒரு கோரிக்கை. சிறப்புப் பயிற்சி பெற்றவர்களின் பட்டியலை வார்டு வாரியாக எடுங்கள். சுழற்சியில் அவர்களுக்கு விலக்கு கொடுங்கள். கேஷுவாலிட்டியில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் அவர்களில் ஒருவராவது இருக்கும்படி டியூட்டி பட்டியல் போடுங்கள். இதற்கு அரசாணை தேவையில்லை, ஒரு பேனா போதும். சிறப்புப் பணியிடமும் சிறப்புப் படியும் அரசாணையில்தான் வர வேண்டும். சங்கங்கள் அடுத்த கோரிக்கை மனுவில் பணி நிரந்தரத்துக்கு அடுத்த வரியாக அதை எழுதட்டும்.

இளைய சிஸ்டர்களுக்கும் பிரதர்களுக்கும் ஒன்று. செய்யும் வேலையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை வென்டிலேட்டர் நோயாளி, எத்தனை மகப்பேறு அவசரம், எந்தப் பயிற்சி வகுப்பு, எத்தனை மணி நேரம் என்று தேதியோடு. ஐந்தாண்டுக்கு 150 மணி நேரத் தொடர்கல்வி என்று கவுன்சில் சொல்வதைக் கடைசி மாதத்தில் சான்றிதழ் தேடி ஓடாமல் நிரப்ப அதுவே வழி. வெளிநாட்டு நேர்முகத்திலும் கேட்பது இதைத்தான், நாளை இங்கே சிறப்புப் பணியிடம் வந்தால் கேட்கப்போவதும் இதைத்தான்.

அடுத்த இதழைச் சங்குகுளிகள், உப்பளத் தொழிலாளர்கள், துறைமுகப் பணியாளர்களின் செவிலியத்துக்கு ஒதுக்குகிறோம். உங்கள் வார்டிலோ துணை சுகாதார நிலையத்திலோ பார்த்த நோய்க்குறிப்புகளை ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். நோயாளியின் பெயரும் ஊரும் வேண்டாம். என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள், என்ன விட்டுப்போனது என்பது போதும். வெளியாகும் ஒவ்வொரு குறிப்பும் அதை எழுதிய செவிலியரின் பெயரோடு வரும்.