மெல்ல முடியாத முதியவருக்கு வெறும் கஞ்சி போதுமா? பட்டாசு ஆலைக்குப் போகும் வீடுகளின் சாப்பாட்டுச் சிக்கல்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை சுற்றுவட்டார கிராமங்களில் காலையிலேயே பட்டாசு ஆலை வேன்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிடும். அதற்குள் சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, தூக்குச்சட்டியைக் கட்டிக்கொண்டு பெண்கள் ஓட வேண்டும். வீட்டில் மறதி நோய் வந்த மாமியாரோ, அம்மாவோ இருந்தால் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். வாயில் வைத்த இட்லியை அவர் கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். "முழுங்குங்கம்மா" என்று பத்து தடவை சொன்னாலும் நடக்காது. கடைசியில் ஒரு டம்ளர் கஞ்சியைக் குடிக்கவைத்துவிட்டு வேனில் ஏறுவதுதான் வழக்கம்.

அந்த ஒரு டம்ளர் கஞ்சியில்தான் சிக்கலே இருக்கிறது.

எத்தனை பேருக்கு இந்த நிலை?

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என 2023-ல் வெளியான 'லாசி-டாட்' ஆய்வு மதிப்பிட்டது. எண்ணிக்கையில் சுமார் 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்தில் இருப்பவர்களுக்கும் பாதிப்பு அதிகம் என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது. முதியோர் விகிதத்தில் கேரளத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. 2021-ம் ஆண்டுக்கான அரசின் கணிப்புப்படி மாநில மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள்.

விருதுநகர் மாவட்டத்தில் இன்னொரு அம்சமும் உண்டு. பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில் என்று வீட்டுப் பெண்கள் பெருமளவில் வேலைக்குப் போகும் பகுதி இது. வயதானவர்களை மருமகள் பார்த்துக்கொள்வார் என்ற பழைய கணக்கு இங்கே எப்போதோ மாறிவிட்டது. தீபாவளி ஆர்டர் நெருங்கும் மாதங்களில் லீவு போட்டால் கூலி போய்விடும். தீபாவளி முடிந்து ஆலைகள் மூடிக்கிடக்கும் வாரங்களில் வீட்டில் ஆள் இருப்பார்கள், கையில் காசு இருக்காது.

பல் போனால் மட்டும்தான் மெல்ல முடியாதா?

"பல்லு போச்சு, அதான் சாப்பிட மாட்டேங்கிறாங்க" என்றுதான் பெரும்பாலான வீடுகளில் சொல்வார்கள். பல் ஒரு காரணம்தான். பல வருடம் வெற்றிலை, புகையிலை போட்டவர்களின் ஈறுகள் மோசமாக இருக்கும், பல்செட் பொருந்தாது. ஆனால் டிமென்ஷியாவில் நடப்பது வேறு. உணவை வாயில் வாங்குவது, நாக்கால் உருட்டுவது, மெல்வது, பின்னால் தள்ளி விழுங்குவது என்ற வரிசையே மூளைக்கு மறந்துபோகிறது. அதனால்தான் 32 பல்லும் இருக்கிற ஒருவர்கூட சோற்றைக் கன்னத்திலேயே வைத்திருக்கிறார். அது அடமும் இல்லை, ருசி பிடிக்காததும் இல்லை.

நோய் முற்றும்போது விழுங்கும் தசைகளின் ஒத்திசைவும் குறையும். உணவுக்குழாய்க்குப் போக வேண்டியது மூச்சுக்குழாய்க்குப் போகும். அதிலிருந்து நுரையீரல் தொற்று, அதாவது நிமோனியா வரும். டிமென்ஷியா முற்றிய நிலையில் மரணத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இதுதான். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்ட பிறகு குரல் கரகரவென்று ஈரமாக ஒலிப்பது, அடிக்கடி காய்ச்சல், எடை குறைவது ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். சிலருக்கு இருமலே வராமல் உணவு நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அதனால் "இருமலையே, நல்லாத்தான் சாப்பிடுறாங்க" என்று நிம்மதியாகிவிடக் கூடாது.

எந்தப் பதத்தில் கொடுப்பது?

விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கான உணவு, பானங்களின் பதத்தை 0 முதல் 7 வரை நிலைகளாகப் பிரிக்கும் 'ஐடிடிஎஸ்ஐ' என்ற சர்வதேச அளவுகோல் இருக்கிறது. வீட்டில் கவனிக்க வேண்டியவை மூன்று நிலைகள். 4-ம் நிலை, கட்டியே இல்லாத மசியல். 5-ம் நிலை, 4 மில்லிமீட்டருக்கு மேல் துண்டு இல்லாமல் ஈரமாகப் பிசைந்தது. 6-ம் நிலை, ஒன்றரை சென்டிமீட்டருக்கு மிகாத மென்மையான துண்டுகள். யாருக்கு எந்த நிலை என்பதை மருத்துவரோ, பேச்சு மற்றும் விழுங்குதல் பயிற்சியாளரோ பார்த்துச் சொல்ல வேண்டும்.

சோதித்துப் பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. மசியலை ஸ்பூனில் எடுத்தால் வடிவம் கலையாமல் நிற்க வேண்டும். ஸ்பூனைச் சாய்த்தால் ஒட்டிக்கொள்ளாமல் மொத்தமாக வழுக்கி விழ வேண்டும். தண்ணீராக ஓடினாலும் தப்பு, பசையாக ஒட்டினாலும் தப்பு.

இந்த இடத்தில் நம்மூர்ச் சமையல் ஒன்றிரண்டு பொறிகளை வைத்திருக்கிறது. முதல் பொறி, ரசம் சாதம். நோயாளிக்கு லேசானது என்று நினைத்துக் கொடுப்பது. ஆனால் நீர் ஒருபக்கம், பருக்கை ஒருபக்கம் என்று இரண்டு பதம் ஒரே வாயில் சேரும்போது, பருக்கையை மெல்வதற்குள் ரசம் தொண்டைக்குள் இறங்கிவிடும். தெளிவு தனியாகப் பிரிந்து நிற்கும் கஞ்சிக்கும் இதே பிரச்சினை. அப்படிக் கொடுப்பதைவிட, குழைய வேகவைத்து மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, ஒரே பதமாக்கிக் கொடுப்பது பாதுகாப்பானது.

இரண்டாவது, களி. உளுந்தங்களியும் கேப்பைக்களியும் சத்தானவை, சந்தேகமே இல்லை. ஆனால் களியை மெல்லாமல் உருட்டி முழுங்குவதுதான் நம் பழக்கம். விழுங்கும் திறன் குறைந்தவருக்கு அந்த உருண்டை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அதே உளுந்து மாவைப் பாலில் கரைத்து, கருப்பட்டிப் பாகு விட்டு, கூழ் பதத்தில் காய்ச்சினால் சத்தும் குறையாது, ருசியும் போகாது.

காராச்சேவு, முறுக்கு, பொரி, முருங்கைக்காய், கீரைத் தண்டு, தோல் உள்ள பயறு எல்லாம் வேண்டாம். விருதுநகர் எண்ணெய் பரோட்டாவைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. சால்னாவில் எவ்வளவு ஊறவைத்தாலும் அது இழுக்கும். காய்ந்த இட்லியும் வாயில் உதிர்ந்து ஒட்டும். பருப்பு அதிகம் போட்ட சாம்பாரில் காய்த்துண்டு, மிளகாயை எடுத்துவிட்டு, இட்லியை ஊறவைத்து மசித்தால் சரியாகிவிடும்.

வெறும் கஞ்சி ஏன் போதாது?

30 கிராம் அரிசியில் காய்ச்சிய ஒரு டம்ளர் கஞ்சியில் கிடைப்பது சுமார் 105 கலோரி, 2 கிராம் புரதம். தண்ணீரைக் கூட்டினால் டம்ளர்தான் கூடும், சத்து கூடாது. மூன்று வேளையும் இதுதான் என்றால் நாளுக்கு 6 அல்லது 7 கிராம் புரதம். ஆனால் முதியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு குறைந்தது 1 கிராம் புரதம் வேண்டும் என்று ஊட்டச்சத்து நிபுணர்கள் பரிந்துரைக்கிறார்கள். 50 கிலோ எடை உள்ளவருக்கு 50 கிராம். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் மட்டும் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்ற வேண்டும்.

அதே 30 கிராம் அரிசியோடு 20 கிராம் பாசிப்பருப்பு சேர்த்துக் குழையவிட்டு, கொதிக்கும்போதே ஒரு முட்டையை அடித்து ஊற்றிக் கிளறி நன்றாக வேகவைத்து, ஒரு டீஸ்பூன் நெய் விட்டால் என்ன ஆகும்? கிட்டத்தட்ட 290 கலோரி, 13 கிராம் புரதம். அளவு பெரிதாகக் கூடவில்லை, சத்து மட்டும் பல மடங்கு. நாலு வாய்க்கு மேல் வாங்காதவருக்கு இந்தக் கணக்குதான் முக்கியம். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பிலும் இதைச் செய்யலாம், கொஞ்சம் கூடுதலாக வேக வேண்டும், அவ்வளவுதான். விலை உயர்ந்த சத்து பவுடர் டப்பா வாங்க முடியவில்லையே என்று கவலைப்படும் வீடுகள் முதலில் முட்டையையும் பருப்பையும் பார்க்கலாம்.

நடுவில் மசித்த வாழைப்பழம், கெட்டித் தயிர், கேழ்வரகுப் பால் கூழ் கொடுக்கலாம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவையும் சூடான பாலில் கரைத்து இரண்டு ஸ்பூன் கொடுத்தால் ஆசையாக வாங்கிக்கொள்வார்கள். "சுகர் இருக்கே" என்ற கேள்வி வரும். எடை வேகமாகக் குறையும் முற்றிய டிமென்ஷியாவில் கடுமையான பத்தியத்தைத் தளர்த்தலாம் என்பதுதான் இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்களின் போக்கு. மாத்திரை அளவைப் பார்த்து மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஊட்டும் விதம்

படுக்கவைத்து ஊட்டவே கூடாது. நிமிர்ந்து உட்காரவைத்து, ஊட்டுபவரும் எதிரே அதே உயரத்தில் உட்கார வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து வாங்குவார், புரையேறும். அரை டீஸ்பூன் அளவு, விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்தது. தொண்டையில் நிற்கிறதே என்று தண்ணீர் ஊற்றித் தள்ளுவது ஆபத்து. முடிந்ததும் வாயைத் துடைத்துச் சுத்தம் செய்து, அரை மணி நேரமாவது உட்காரவைக்க வேண்டும். டிவியை அணைத்துவிடுவது நல்லது.

தட்டின் நிறம்கூட உதவும். அமெரிக்காவில் முற்றிய அல்சைமர் நோயாளிகளிடம் நடந்து 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், அழுத்தமான நிறத் தட்டு, டம்ளருக்கு மாற்றியதும் உணவு 25 சதவீதமும் திரவம் 84 சதவீதமும் கூடுதலாக உள்ளே போனது. ஒன்பது பேரிடம் மட்டும் நடந்த சிறிய ஆய்வு அது. ஆனாலும் மின்னும் எவர்சில்வர் தட்டில் வெள்ளைச் சோறு கண்ணுக்குத் தெரியாமல் போவது புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஒரு சிவப்பு பிளாஸ்டிக் தட்டுக்குப் பெரிய செலவில்லை.

இப்படி ஒரு வேளை ஊட்ட அரை மணி, முக்கால் மணி நேரம் ஆகும். மதியம் வேலைக்குப் போனவர் வரமாட்டார். அந்த வேளைக்கு யார்?

அரசு எங்கே இருக்கிறது?

1982-ல் குழந்தைகளுக்காகத் தொடங்கிய சத்துணவுத் திட்டம், அடுத்த ஆண்டே முதியோர் உதவித்தொகை பெறுபவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மதிய உணவை ஊர் ஊராகக் கொண்டுபோன காமராஜர் பிறந்த மாவட்டம் இது. ஆனால் சத்துணவு மையத்துக்கு நடந்துபோய் உட்கார்ந்து சாப்பிடக்கூடியவருக்கான ஏற்பாடு அது. படுத்திருப்பவருக்கு மசித்த சாப்பாடு என்ற யோசனைக்கு அதில் இடமில்லை.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீடு தேடி வருகிறது. ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு ஆதரவு சிகிச்சைச் செவிலியரும், இயன்முறைப் பயிற்சியாளரும் அதில் உண்டு. விழுங்குதல் பயிற்சிக்கும் உணவு ஆலோசனைக்கும் அதே குழு வழியாக ஏற்பாடு செய்வதுதான் எளிய வழியாகத் தெரிகிறது. பக்கத்துக் கேரளத்தில் டிமென்ஷியாவுக்கென்றே 'ஓர்மத்தோணி' என்ற தனித் திட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 21 வகைப் பட்டியலில் டிமென்ஷியா தனியாகக் குறிப்பிடப்படவில்லை என்பதும் இந்தக் குடும்பங்களைப் பாதிக்கிறது.

பலர் கவனிக்காத ஒரு வாய்ப்பு இஎஸ்ஐ. ஆலையில் இஎஸ்ஐ பிடித்தம் செய்யப்படும் தொழிலாளியின் பெற்றோர், மாத வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் இல்லாமல் அவரைச் சார்ந்திருந்தால், அவர்களுக்கும் மருத்துவ வசதி உண்டு. சிவகாசியிலேயே இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. மாமியாரைக் கணவரின் இஎஸ்ஐ அட்டையில் சேர்க்கலாம். வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டும் பெண்களுக்கு இந்த வசதியும் இல்லை. அவர்கள் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியையோ, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையையோ நாட வேண்டும். காது மூக்கு தொண்டைப் பிரிவில் பேச்சுப் பயிற்சியாளர் இருக்கிறாரா என்று கேட்பது முதல் படி.

மூக்கு வழியாக டியூப் போடலாமா?

எடை குறைந்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி இது. முற்றிய டிமென்ஷியாவில் டியூப் வழியாக உணவு கொடுப்பதை அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-ல் வெளியிட்ட நிலைப்பாட்டில் பரிந்துரைக்கவில்லை. டியூப் ஆயுளை நீட்டுவதாகவோ, நிமோனியாவைத் தடுப்பதாகவோ ஆதாரம் இல்லை, நோயாளி அதைப் பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டிவைக்க வேண்டிய நிலையும் வரும் என்பது காரணம். கவனமாகக் கையால் ஊட்டுவதையே அச்சங்கம் முன்வைக்கிறது. திடீர் காய்ச்சல், பக்கவாதம் போன்ற சரியாகக்கூடிய காரணத்தால் சில நாள் சாப்பிட முடியாமல் போனால் அது வேறு கணக்கு. எந்த நிலை என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டுவிட வேண்டும்.

மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 மணி வரை இலவசமாக அழைக்கலாம். பராமரிப்பவரே மனமொடிந்துபோனால் 14416 என்ற 'டெலி மானஸ்' எண் 24 மணி நேரமும் உண்டு.