ஐந்து வயதுக்குக் கீழே யாரும் அடிவாங்குவதில்லையா, அமைச்சரே?

மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சர் அவர்களுக்கு,

புனே கட்கியிலிருந்து எழுதுகிறேன். பச்சிளங்குழந்தைப் பிரிவில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் காயங்கள் கணக்கில் வராதது பற்றி மனு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். தக்க நடவடிக்கைக்காக உரிய துறைக்கு அனுப்பியிருப்பதாகப் பதில் வந்தது. உரிய துறை என்பது சுகாதார அமைச்சகமாம். அவர்கள் அதை மரியாதையாக உங்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் இப்போது ஊரறிய எழுத வேண்டியிருக்கிறது.

2007ல் உங்கள் அமைச்சகம் குழந்தை வதை பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 13 மாநிலங்கள், 12,447 குழந்தைகள். மகாராஷ்டிரம் அதில் இருந்தது, தமிழ்நாடு இல்லை. மூன்றில் இரண்டு குழந்தைகள் அடிபடுகிறார்கள் என்று அது சொன்னபோது நாடே அதிர்ந்தது. நல்ல வேலை, மறுக்கவில்லை. இன்றைக்கும் மேடைக்கு மேடை அந்த எண்களைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் வயது 5 முதல் 18 வரை. கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவர்களை மட்டும் கேட்டார்கள். தொட்டிலில் கிடப்பவர்கள் கணக்கில் வரவில்லை.

கணக்கில் வராத ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். இரண்டு மாதம்கூட முடியாத ஆண் குழந்தை. நள்ளிரவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உச்சிக்குழி புடைத்து நின்றது. அழுகை கூட இல்லை, பூனைக்குட்டி போல ஒரு முனகல். ஸ்கேனில் மண்டைக்குள் இரத்தம். தொட்டிலிலிருந்து விழுந்துவிட்டான் என்றார் அப்பா. வெளியே வராந்தாவில் மாமியார் மருமகளைக் காட்டி, "இவதான் போட்டு உலுக்கியிருப்பா" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்திருக்க, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கை கால் எலும்புகளுக்கு எக்ஸ்ரே எடுக்கவில்லை. விழித்திரையைப் பார்க்கக் கண் மருத்துவரைக் கூப்பிடவில்லை. பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்று அட்டையைப் புரட்டினேன். அந்தக் கட்டம் காலியாக இருந்தது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு அந்த ஒரே ஊசி விடுபட்டுப் போனால், யார் கையும் படாமலே மூளையில் இரத்தம் கசியலாம். யாரோ உலுக்கினாலும் கசியலாம். இரண்டில் எது என்று கண்டுபிடிக்க வழிகள் இருக்கின்றன. யாரும் தேடவில்லை. குழந்தை மறுநாள் இறந்தது. தாளில் 'மூளைக்குள் இரத்தக்கசிவு' என்று எழுதி முடித்தார்கள். கொலையா, ஒரு ஊசியின் அலட்சியமா? அந்தப் பெண் எந்தப் பழியோடு ஊர் திரும்பினாளோ, உங்கள் எந்தப் பதிவேட்டிலும் அது இருக்காது.

1946லேயே ஜான் காஃபி என்ற அமெரிக்க எக்ஸ்ரே மருத்துவர், மண்டைக்குள் இரத்தமும் கை கால்களில் முறிவும் சேர்ந்திருந்த ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதினார். அடிதான் காரணம் என்று 1962ல் ஹென்றி கெம்ப் வெளிப்படையாகச் சொன்னார். உலுக்கினாலே இரத்தம் கசியும் என்று 1971ல் எழுதிய பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் கத்கெல்ச்சே, முதிய வயதில், அதை வைத்து நிரபராதிகளையும் சிறைக்கு அனுப்புகிறார்களே என்று கவலைப்பட்டார். அந்த நாடுகளில் இரு பக்கமும் நின்று சண்டை போடுகிறார்கள். சண்டை போடுவதற்காவது அவர்களிடம் கணக்கு இருக்கிறது.

நம்மால் ஆகாதென்று சொல்லிவிடாதீர்கள். இதே புனேயில், கே.இ.எம். மருத்துவமனையில், ஆனந்த் பண்டிட்டும் ஷீலா பாவேயும் ஸ்டூவர்ட் டேனர் என்ற ஆங்கிலேய மருத்துவரோடு சேர்ந்து என்ன செய்தார்கள் தெரியுமா? வயிறு வீங்கி, ஈரல் கல்லாகி, இரண்டு மூன்று வயதுக்குள் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. பரம்பரை நோய் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். இவர்கள் பால் எந்தப் பாத்திரத்தில் காய்ச்சப்படுகிறது, எத்தனை மாதத்திலிருந்து மாட்டுப்பால் கொடுக்கிறார்கள் என்று தாய்மார்களிடம் பொறுமையாகக் கேட்டார்கள். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்திலிருந்து பாலில் இறங்கிய செம்பு ஈரலில் சேர்ந்திருக்கலாம் என்று 1983ல் லான்செட் இதழில் எழுதினார்கள். பித்தளை போய் எவர்சில்வர் வந்தது. நோயும் அரிதாகிப் போனது. தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், வாய் பேசாத குழந்தையைக் கேள்வி கேட்காமல், விடை கண்டுபிடித்தார்கள்.

பெர்லினில் ஓர் இந்தியக் குழந்தையை, காயத்தைக் காரணம் காட்டி, அந்நாட்டு அரசு எடுத்துக்கொண்டது பற்றி, 2023ல் 19 கட்சிகளைச் சேர்ந்த 59 எம்.பி.க்கள் ஜெர்மன் தூதருக்குக் கடிதம் எழுதினார்கள். பேஷ். ஜெர்மனியில் இருந்தால்தான் நம் குழந்தை கண்ணுக்குத் தெரியும் போலிருக்கிறது. கட்கியில் பிறந்தவனுக்கு 59 பேர் வேண்டாம், ஒரு எக்ஸ்ரே போதும்.

சட்டம் எனக்குச் சொல்ல வேண்டாம், உங்களுக்கும் நான் சொல்லப்போவதில்லை. மண்டைக்குள் இரத்தத்தோடு வரும் ஒவ்வொரு கைக்குழந்தையையும் ஒரே முறையில் பரிசோதித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையோ தனியாரோ, எங்கே வந்தாலும் சரி. இறந்த குழந்தைக்கும் அதையே செய்யுங்கள். அடித்தவர்கள் பிடிபடுவார்கள், அடிக்காதவர்கள் வீடு போய்ச் சேருவார்கள், ஊசியை மறந்தவர்களும் பதில் சொல்வார்கள். மூன்றாவது கூட்டத்தை நினைத்துத்தான் தயங்குகிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இந்த மடலையும் உரிய துறைக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து இந்த முறை எந்தத் துறை என்று முதலில் இரண்டு அமைச்சகங்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலி ஒருத்தி,
கட்கி, புனே