விசைத்தறி சத்தம்: சங்கரன்கோவில் நெசவாளர்களின் காதுக்கு என்ன ஆகிறது? பொறியியல் சொல்லும் தீர்வு என்ன?

கூலி, நூல் விலை, மின்கட்டணம்... சங்கரன்கோவில் விசைத்தறின்னா வழக்கமா செய்தியாகுறது இவைதான். ஆனால் தறிக்கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் தாக்குவது சத்தம்.

அதிர்வு, ஒலி பற்றி உலகம் முழுக்க பொறியாளர்கள் தனி மாநாடுகளே நடத்துகிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் 2024 ஜூலையில் நடந்த சர்வதேச ஒலி, அதிர்வு மாநாடு அதில் ஒன்று. அந்தத் துறையின் அறிவு நம்ம ஊர் தறிக்கு எப்படிப் பயன்படும்?

சத்தம் எங்கிருந்து வருகிறது?

நாடா தறியில் ஒரு கட்டை நாடாவை அடித்துத் தள்ளும். அது மறுமுனையில் பெட்டிக்குள் மோதி நிற்கும். இது நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் நடக்கிறது. ஒரே மாதிரி இரண்டு தறி ஓடினால் ஒலி ஆற்றல் இரு மடங்கு. டெசிபல் கணக்கில் அது வெறும் 3 தான் கூடும். அதனால் '93 தானே' என்று அலட்சியமா விட முடியாது.

எவ்வளவு வரை தாங்கலாம்?

இந்தியத் தொழிற்சாலைகளுக்கான மாதிரி விதிப்படி, 90 டெசிபலில் 8 மணி நேரம் வேலை செய்யலாம். 100 டெசிபல் என்றால் 2 மணி நேரம்தான். நாடா தறிக்கூடங்களில் சத்தம் 90-ஐத் தாண்டுவதை பல ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. வீடுகள் உள்ள பகுதிக்கு 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வைத்த வரம்பு பகலில் 55, இரவில் 45.

காது என்ன ஆகும்?

முதலில் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான கூர்மையான ஒலிகள் கேட்பது குறையும். 'சத்தம் கேக்குது, ஆனா என்ன பேசுறாங்கன்னு புரியல' என்பதுதான் அறிகுறி. உள்காதின் நுண் செல்கள் அழிந்தால் திரும்ப வளராது.

தீர்வு என்ன?

தறிக்கு அடியில் ரப்பர் பட்டை வைத்தால் தரை, சுவர் வழியே பக்கத்து வீட்டுக்குப் போகும் அதிர்வு குறையும். ஆனால் கூடத்துக்குள் காற்றில் வரும் சத்தம் பெரிதா குறையாது. அதற்கு தளர்ந்த போல்ட், தேய்ந்த பாகங்களைச் சரிசெய்யணும். கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகை வேண்டும். உடனடியா செய்யக்கூடியது காதடைப்பான்.

சட்டம் காக்குமா?

சத்தத்தால் வரும் காதுகேளாமை, சட்டம் பட்டியலிட்ட தொழில்நோய். ஆனால் 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, மின்சாரத்தில் இயங்கும் கூடம் 'தொழிற்சாலை' எனக் கருதப்பட தேவையான ஆட்களின் எண்ணிக்கையை 10-லிருந்து 20 ஆக்கியிருக்கிறது. வீட்டோடு நாலைந்து தறி ஓட்டுபவர்கள் முன்பும் வெளியேதான் இருந்தார்கள். இப்போது அவர்களோடு நடுத்தரக் கூடங்களும் சேர்கின்றன.

ஆக, சின்னக் கூடங்களில் ஆய்வாளர் வந்து அளப்பார் என்று காத்திருக்க முடியாது. ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறதா? காதடைப்பானும், ஆண்டுக்கு ஒருமுறை செவித்திறன் பரிசோதனையும் அவசியம் என்பதற்கு அதுவே போதுமான அடையாளம்.