வீட்டுக்குள் கடல் வேண்டுமா?

சாத்தூரில் இருந்து தூத்துக்குடிக் கடல் நூறு கிலோமீட்டருக்குள்தான். ஊரை ஒட்டிப் போகும் வைப்பாறும் கடைசியில் மன்னார் வளைகுடாவில்தான் கலக்கிறது. ஆனாலும் ஆற்றில் பெரும்பாலும் மணல்தான், தலைக்கு மேலே கரிசல் காட்டு வெயில்! அதனால்தானோ என்னவோ, புது வீடு கட்டுகிற பலருக்கும் ஹாலில் கடல் வேண்டும் என்று ஆசை. கடைசியில் வருவது என்ன? டால்பின் படம் போட்ட டைல்ஸ், நீலப் பெயிண்ட், பிளாஸ்டிக் சிப்பி.

கடல் என்பது வெறும் நீல நிறமா? அலை மேல் வெயில் பட்டுச் சிதறுகிற ஒளிதானே கடல்! அந்த ஒளியைக் கொடுக்க அரக்கும் உலோகமும் போதும்.

செட்டிநாட்டார் இதை அன்றே செய்தார்கள். கடல் தாண்டி வணிகம் செய்தவர்கள் பர்மாவின் அரக்குச் சாமான்களை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். சுவரில் அலை வரையாமலே அந்த வீடுகளில் கடல் இருந்தது.

அரக்கு வேலைக்கு இன்று பர்மா போக வேண்டாம், அம்பாசமுத்திரம் போதும். அங்கே சொப்புச் சாமான் செய்பவர்கள் சுழலும் மரத்தில் நிற அரக்கை அழுத்துகிறார்கள். உரசும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் படிந்துவிடும். அதே கைகள் கடல் பச்சையில் ஊஞ்சல் காலும் திரைக் கம்பிக் குமிழும் கடைந்து தராதா?

உலோகத்துக்குச் சாத்தூரே இருக்கிறது. பேனா நிப்புக்குப் பெயர் பெற்ற ஊர் இது. பால் பாயிண்ட் பேனா வந்த பிறகு அந்தத் தொழில் சுருங்கிவிட்டது. மெல்லிய எவர்சில்வர் தகட்டை வெட்டி வளைத்து மெருகேற்றத் தெரிந்தவர்கள், மீன் செதில் போல் தகடுகளை அடுக்கி ஒரு சுவர்ப் பட்டை செய்ய முடியாதா?

துருப்பிடிக்காதா என்று கேட்கலாம். கடலோரத்தில் உப்புக் காற்று சாதாரண எவர்சில்வரையும் அரிக்கும். இங்கே காற்றில் அந்த உப்பு இல்லை. அரக்குதான் சூட்டுக்குப் பயப்படும், ஸ்பிரிட் பட்டால் கரையும். ஆகவே சாப்பாட்டு மேஜைக்கும் மேற்கு ஜன்னலுக்கும் அது வேண்டாம். சுவர் முழுக்கத் தகடு அடித்தாலும் கண் கூசும். ஒரு பட்டை போதும்.

டைல்ஸுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு இந்தக் கைகளுக்குப் போனால், வீட்டுக்குக் கடல் கிடைக்கும், அவர்களுக்கு வேலை கிடைக்கும். வீடு கட்டுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாமே!