பழைய காரை எக்ஸ்சேஞ்சில் விடுறீங்களா? பாலிஷ் போடுறதுக்கு முன்னாடி பேப்பரைப் பாருங்க!

"அண்ணாச்சி, ஒரே கை ஓட்டுன வண்டி. டெண்ட்டு கிடையாது, கீறல் கிடையாது. பார்த்துப் போட்டுக் குடுங்க." 

பாளையங்கோட்டையோ, தென்காசியோ, தூத்துக்குடியோ, எந்த ஷோரூமுக்குப் போனாலும் எக்ஸ்சேஞ்ச் மேஜையில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். எதிரே இருப்பவரும் சிரித்துக்கொண்டே, "மார்க்கெட்டு முன்ன மாதிரி இல்லையே சார்" என்பார். பல நேரம் அது பேரத்துக்காகச் சொல்வது. ஆனால், இப்போது அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது.

விலை ஏன் இறங்கியது?

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. அதோடு இருந்த செஸ் வரியும் போய்விட்டது. 4 மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி வரை, டீசல் என்றால் 1,500 சி.சி வரை உள்ள வண்டிகள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். முன்பு வரியெல்லாம் சேர்த்து 6 லட்சம் ரூபாய்க்கு விற்ற ஒரு சிறிய பெட்ரோல் கார், வரிக்குறைப்பை அப்படியே கழித்தால் சுமார் 51,000 ரூபாய் குறையும். புது வண்டியே அவ்வளவு இறங்கும்போது, நான்கு வருடம் ஓடிய வண்டிக்குப் பழைய விலை கேட்டால் யார் தருவார்கள்?

இன்னொரு விஷயத்திலும் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. பழைய கார் விற்பனைக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி என்று 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் நடந்த ஜி.எஸ்.டி கவுன்சில் கூட்டத்தில் முடிவானதும், 'நம்ம காரை வித்தாலும் வரியா?' என்று பலர் பதறினார்கள். இது டீலருக்கான வரி. அதுவும் முழு விலைக்கு இல்லை, அவருடைய லாபத்துக்கு மட்டும்தான். உங்களிடம் 3 லட்சத்துக்கு வாங்கி 3.40 லட்சத்துக்கு விற்றால், அந்த 40,000-க்கு ஏறக்குறைய 7,200 ரூபாய். 'ஜி.எஸ்.டி இருக்கு சார்' என்று யாராவது உங்கள் விலையில் 50,000 குறைத்தால், இந்தக் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள்.

வெள்ளம் பார்த்த வண்டியா?

தாமிரபரணிக் கரையில் பழைய கார் என்றாலே இந்தக் கேள்வி வந்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நெல்லையில் ஜங்ஷன், சிந்துபூந்துறை, கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை என ஆற்றை ஒட்டிய பகுதிகளில் எல்லாம் தண்ணீர் புகுந்தது. வீட்டு வாசலில் நின்ற கார்களும் தப்பவில்லை.

அந்த வண்டிகள் துடைக்கப்பட்டு, சரிசெய்யப்பட்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதில் தப்பில்லை. அதை மறைத்து விற்பதில்தான் சிக்கல். டீலரின் ஆள் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்ப்பார், சேற்றுக் கோடு தெரியும். ஸ்டெப்னி இருக்கும் குழியைப் பார்ப்பார். கார்பெட்டைத் தூக்கி, சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டில் துரு இருக்கிறதா என்று தடவுவார். ஸ்கேனரைச் செருகினால் எலெக்ட்ரானிக் கோளாறுகள் வரிசையாக வந்து நிற்கும். இன்ஷூரன்ஸில் க்ளெய்ம் வாங்கியிருந்தால் அந்தப் பதிவும் இருக்கும். வாசனைத் திரவியம் அடித்து இதையெல்லாம் மறைக்க முடியாது.

அதனால் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். "தண்ணி சீட்டு வரைக்கும் வந்துச்சு. இன்னது மாத்துனோம், பில்லு இதோ." விலை குறையத்தான் செய்யும். ஆனால், அவர்களாகக் கண்டுபிடித்தால் குறைவது இன்னும் அதிகம். அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்பவும் மாட்டார்கள். இன்னொன்றும் இருக்கிறது. அந்த வண்டியை அடுத்து வாங்கப்போவது நம்ம ஊர் குடும்பம் ஒன்றுதான். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ராத்திரி நேரம் நான்கு வழிச்சாலையில் போகும்போது ஏர்பேக் வேலை செய்யுமா, செய்யாதா என்பது அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அல்வாவைக் கடையில் வாங்கிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

எதற்குச் செலவு செய்யலாம்?

உள்ளும் புறமும் நன்றாகக் கழுவி, வேக்கும் போடுவதற்குச் செலவு செய்யலாம். எரியாத பல்பு, கிழிந்த வைப்பர், செத்துப்போன பேட்டரி ஆகியவற்றை மாற்றிவிடலாம். சின்னச் செலவுதான், ஆனால் 'வண்டியைப் பார்த்துக்கிட்ட ஆளு' என்ற எண்ணம் வரும். போர் தண்ணீரில் கழுவிக் கழுவி கண்ணாடியில் படிந்த வெள்ளைக் கறையையும் எடுத்துவிடுங்கள்.

பெரிய செலவு வேண்டாம். முழு பெயின்ட் அடித்தால் 'ஏதோ விபத்து போல' என்ற சந்தேகம்தான் வரும். பெயின்ட் தடிமனை அளக்கக் கையடக்கக் கருவியே வைத்திருக்கிறார்கள். புது டயர் போட்டாலும் போட்ட காசு திரும்ப வராது. இன்ஜினை அன்று காலையில் பளபளவென்று கழுவினால், ஆயில் கசிவை மறைக்கிறார் என்றே நினைப்பார்கள். தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கத்து வண்டி என்றால் உப்புக்காற்றுத் துருவுக்காகக் கதவின் கீழ் ஓரங்களைப் பார்ப்பார்கள். அதற்கு மேல் பெயின்ட் பூசி மறைக்க வேண்டாம்.

பாலிஷைவிட மதிப்புள்ளது சர்வீஸ் பில்களும் இரண்டாவது சாவியும். இரண்டையும் தேடி எடுத்து வையுங்கள்.

சாவி கொடுத்தால் பொறுப்பு முடிந்ததா?

2025 நவம்பர் 10 அன்று டெல்லி செங்கோட்டை அருகே கார் வெடித்த சம்பவம் நினைவிருக்கும். அந்தக் கார் பல கைகள் மாறியிருந்தது. போலீஸ் அதன் பழைய உரிமையாளர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தது. எப்போதோ விற்ற காருக்காகக் காவல் நிலையத்தில் உட்கார வேண்டிய நிலை.

அது அரிதான சம்பவம் என்று நினைத்தால், சாதாரண விபத்திலும் சட்டம் இதைத்தான் சொல்கிறது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007-ல் விற்கப்பட்டு, பெயர் மாற்றாமலே கை மாறிக்கொண்டிருந்த கார், 2009-ல் விபத்தை ஏற்படுத்தியது. இழப்பீடு கொடுக்க வேண்டியவர் யார்? ஆர்.சி-யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் என்றது நீதிமன்றம். கார் யார் கையில் இருந்தாலும், பதிவில் உங்கள் பெயர் இருக்கும்வரை நீங்கள்தான் உரிமையாளர்.

எக்ஸ்சேஞ்சில் விட்ட வண்டி, அடுத்த ஆள் கிடைக்கும்வரை டீலரின் யார்டில் மாதக்கணக்கில் நிற்கலாம். நடுவில் யாராவது எடுத்து ஓட்டவும் செய்யலாம். இந்த இடைவெளிக்காகத்தான் 2023 ஏப்ரல் 1 முதல் புது விதி வந்தது. ஆர்.டி.ஓ-விடம் அங்கீகாரம் பெற்ற பழைய கார் டீலரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது, படிவம் 29சி மூலம் ஆன்லைனில் தகவல் கொடுக்கலாம். அதன் பிறகு வண்டிக்கான பொறுப்பு டீலருடையது. எனவே, விலை பேசுவதற்கு முன்பே, "உங்ககிட்ட அங்கீகாரச் சான்று இருக்கா? 29சி போடுவீங்களா?" என்று கேளுங்கள். 'அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்' என்ற பதில் போதாது. அங்கீகாரம் இல்லாதவர் என்றால், யார் பெயருக்கு மாற்றுகிறார்கள் என்று கேட்டு படிவம் 29, 30-ஐ முழுதாக நிரப்பிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். தேதி, நேரம், கிலோமீட்டர் எழுதிய டெலிவரி ரசீதும் ஆர்.சி நகலும் உங்கள் கையில் இருக்கட்டும்.

ஒப்படைக்கும் முன் செய்ய வேண்டியவை

* கார் கடன் முடிந்திருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்று, படிவம் 35 கொடுத்து ஆர்.சி-யில் வங்கியின் பெயரை நீக்குங்கள். 
* நிலுவையில் உள்ள இ-சலான்களை பரிவாஹன் தளத்தில் பார்த்துக் கட்டிவிடுங்கள். 
* ஃபாஸ்டேக்கை வங்கியில் சொல்லி மூடுங்கள். இல்லையென்றால் வண்டி கயத்தாறு டோல்கேட்டைத் தாண்டும்போதெல்லாம் உங்கள் கணக்கில்தான் பணம் போகும். 
* நோ க்ளெய்ம் போனஸ் காருக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் சான்று வாங்கினால், புது வண்டியின் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதவிகிதம் வரை குறையும். சான்று 3 வருடம் செல்லும். 
* மியூசிக் சிஸ்டத்தில் உங்கள் போன் நம்பர்கள், வீட்டு லொகேஷன் எல்லாம் இருக்கும். ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். டேஷ்கேம் மெமரி கார்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பேரம்

காருக்கான விலை, எக்ஸ்சேஞ்ச் போனஸ், புது வண்டியின் தள்ளுபடி இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஒருவர் பழைய காருக்கு 3.20 லட்சமும் தள்ளுபடி 10,000-மும் தருகிறார். இன்னொருவர் 3 லட்சமும் தள்ளுபடி 40,000-மும் தருகிறார். காதுக்கு முதலாவது இனிக்கும். லாபம் இரண்டாவதில், 10,000 ரூபாய். குறைந்தது மூன்று இடத்தில் விலை கேளுங்கள். அதில் ஒன்று, உங்களிடம் புது வண்டி விற்காத பழைய கார் கடையாக இருக்கட்டும். வண்டியின் உண்மையான மார்க்கெட் விலை அங்கேதான் தெரியும்.

இரண்டு இடத்தில் விலை ஐந்தாயிரம், பத்தாயிரம் முன்னே பின்னே இருந்தால், 29சி போட்டுத் தருகிறவரிடம் கொடுங்கள். அந்த வித்தியாசத்தை ஒரு வருடத்தில் சம்பாதித்துவிடலாம். நம் பெயரில் யாரோ ஓட்டும் வண்டி எப்போது, எங்கே மோதும் என்று கவலைப்படாமல் தூங்குவதற்கு அது ஒன்றும் பெரிய விலை இல்லை.